உறவு: ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

வரிக்கணக்கைத் தாக்கல் செய்ய இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணி. மாலை ஆறு மணிக்கு இணையதளம் மூடிவிடும். அதற்குமேல் அபராதம்.

புள்ளி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறந்தபோது கைக்குட்டையில் சுற்றி எடுத்துவரலாம் போல இருந்தாளாம். "என்ன இது, ஒரு புள்ளி அளவுதான் இருக்கு" என்று சித்தப்பா சொன்னது பெயராக ஒட்டிக்கொண்டது. இப்போது இருபத்துநான்கு வயது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பவர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறாள். வீட்டுக்கு வந்தால் இன்னும் புள்ளிதான்.

இத்தனை வருஷமாக இந்த வீட்டு வரிக்கணக்கை ஆடிட்டர் மாமா பார்த்துக்கொண்டார். அப்பா ஒரு பை நிறையக் காகிதம் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு வாரம் கழித்துப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். இந்த வருஷம் மாமா, கண் சரியில்லை என்று கடையைக் கட்டிவிட்டார். "நான் பார்த்துக்கறேன்" என்று புள்ளி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

கணக்கு மென்பொருள் ஒன்றை வாங்கி, அப்பாவின் வங்கிக் கணக்கை அதோடு இணைத்தாள். ஒரு வருஷத்து வரவும் செலவும் வரிசைகட்டி வந்து நின்றன. ஒவ்வொன்றும் எந்த வகை என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் போதும். எந்த வகை வரிப் படிவத்தின் எந்த இடத்துக்குப் போகவேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அந்த வகை பிரிக்கும் வேலையைச் சித்தப்பா கேட்டு வாங்கிக்கொண்டார்.

"முட்டிதானே போச்சு. விரல் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

சித்தப்பா சரக்கு வண்டி ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புள்ளிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறார். வலது முட்டி தேய்ந்துபோய்ச் சில வருஷத்துக்கு முன்பே வண்டியை விட்டார். ஐந்து மாதமாகத் தெருவில் கால் வைக்கவில்லை. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கடைசியாக மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியபோது படிகளில் உட்கார்ந்து, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். "எல்லாரும் போற இடத்தைப் பார்த்துக்கிட்டு ஏறுவாங்க. நான் விட்டுட்டு வந்த இடத்தைப் பார்த்துக்கிட்டே ஏறினேன்" என்று சிரித்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது.

அடுத்த மாதம் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். முன்பணம் கட்டினால்தான் அந்த நாள் நிற்கும். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேசினால் தொகையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

நான்கு நாள் உட்கார்ந்து சித்தப்பா வகை பிரித்து முடித்திருந்தார். புள்ளி திறந்து பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சித்தப்பா! இங்க வா."

அவர் டீ தம்ளரோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். "என்ன ஆபீசர்?"

"உணவு, போக்குவரத்து, மின்சாரம்னு அதுலயே வகை இருந்துதே. அதெல்லாம் எங்க?"

"இருந்துது. ஒரு உசிரே இல்லாம இருந்துது. நான் புதுசா வெச்சேன்."

வைத்துத்தான் இருந்தார். 'வாய்க்கு ருசி' என்று ஒன்று. 'புள்ளி கேட்டது' என்று ஒன்று. 'அண்ணி கேட்காதது' என்று ஒன்று. அம்மாவின் செருப்பும், குளிருக்கு வாங்கிய போர்வையும் அதில் இருந்தன. அப்பாவின் பழைய ரேடியோவுக்கு நான்கு முறை கொடுத்த பழுதுக்கூலி, 'அண்ணன் பிடிவாதம்' என்ற தலைப்பில் கிடந்தது.

"வரி ஆபீசுக்கு 'அண்ணன் பிடிவாதம்'னு அனுப்பட்டுமா?"

"தாராளமா அனுப்பு. அவங்க வீட்டுலயும் ஒரு அண்ணன் இருப்பான், புரிஞ்சுக்குவாங்க."

புள்ளிக்குக் கோபம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்தது. ஒவ்வொரு வகையாகத் திறந்து அதற்குரிய இடத்துக்கு மாற்றிக்கொண்டே போனாள். கடைசியாக மிஞ்சியது, 'தண்டம்'.

திறந்தாள்.

எக்ஸ்ரே. வலி ஊசி. முட்டிப் பட்டை. மருத்துவமனைக்குப் போன டாக்ஸி. மறுபடி ஊசி. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவருக்குக் கூலி. மறுபடி டாக்ஸி. எல்லாமே சித்தப்பாவுடையவை. வேறு ஒன்றுகூட அதில் இல்லை.

"இது என்ன சித்தப்பா?"

"எது?"

"முட்டிக்குச் செலவு பண்ணதையெல்லாம் தண்டத்துல போட்டிருக்கே."

"பலன் இல்லாத செலவுக்கு வேற என்ன பேரு?"

"மருத்துவம்னு பேரு."

"மருத்துவம்னு தனியா வெச்சிருக்கேனே. உங்கப்பாவோட பிரஷர் மாத்திரை, உங்கம்மா பல்லு, எல்லாம் அதுல இருக்கு பாரு."

"உன்னோடது?"

சித்தப்பா டீயை ஊதினார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. "அண்ணன் காசு புள்ளி. போட்டாச்சு, போயிடுச்சு. தண்டம்தான்."

புள்ளி பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து மருத்துவத்துக்கு மாற்றினாள். அழுத்திய அழுத்தலில் பொத்தான் உடைந்துவிடும் போலிருந்தது.

உடனே மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. இந்தச் செலவு யாருக்காக? பெயர் என்ன, வருமானம் உண்டா, உங்கள் வீட்டில்தான் வசிக்கிறாரா? வருமானம் இல்லை என்றாள். வசிக்கிறார் என்றாள்.

திரையின் மேல் மூலையில் ஒரு தொகை எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும். நாம் கட்டவேண்டியது சிவப்பு. நமக்குத் திரும்ப வரவேண்டியது பச்சை. காலையிலிருந்து சிவப்பாக இருந்த தொகை குறைந்தது, பூஜ்யத்துக்கு வந்தது, பச்சையாக மாறி ஏறிக்கொண்டே போய் நின்றது.

புள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஆபரேஷனுக்குக் கேட்ட முன்பணம் முழுதாக வருகிறது. ஒரு ஊன்றுகோல் வாங்கவும் மிஞ்சும்.

"சித்தப்பா, உன் முட்டி வந்துடுச்சு!"

"எங்க போயிருந்துது?"

"விளையாடாதே. உன்னை அப்பாவைச் சார்ந்து இருக்கறவர்னு எழுதினா, அப்பா கட்டின வரியில இவ்வளவு திரும்பி வருது. இத்தனை வருஷம் ஏன் எழுதாம விட்டாங்கன்னு தெரியல." அடுத்த கேள்வி வந்திருந்தது. உறவு: ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். ஒரு சிறு பட்டியல் விரிந்தது. மகன், மகள், தந்தை, தாய், சகோதரர். அவள் சகோதரரை அழுத்தினாள். "உன் பிறப்புச் சான்றிதழ் எங்க இருக்கு? அப்பா அம்மா பேர் போட்டது வேணுமாம். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும்."

சித்தப்பா தம்ளரை மேசையில் வைத்தார்.

"தொலைஞ்சு போச்சு."

"எப்ப?"

"பிறந்தப்பவே."

"சித்தப்பா!"

"அந்தக் கட்டத்தை விட்டுடு புள்ளி."

"ஏன்?"

"விட்டுடுன்னா விட்டுடு. அண்ணன்கிட்டயும் இதைப் பத்திக் கேட்காதே."

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. அவர் மேசையை ஊன்றி எழுந்தார். தன் அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவைச் சாத்த முடியும் என்பதே புள்ளிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

*

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்கிற பெண் இல்லை அவள். கடையில் பேசக் கூச்சப்படுவாள், பஸ்சில் இடம் கேட்கக் கூச்சப்படுவாள். வீட்டு ஆட்கள் விஷயத்தில் மட்டும் எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிடும்.

அப்பாவுக்குச் சந்தையில் வேலை. கடைக்காரர்களின் தராசு சரியாக எடை காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை வைப்பது. எடைக்கற்கள் நிறைந்த மரப்பெட்டியோடு அவர் வரும்போதே, "அரைகிராம் வர்றாரு, அரைகிராம் வர்றாரு" என்று ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் செய்தி போய்விடும். அரை கிராம் வித்தியாசத்தைக்கூட விடமாட்டார் என்பதால் வந்த பெயர்.

புள்ளி போனபோது அவர் உருளைக்கிழங்குக் கடையில் நின்றிருந்தார்.

"மூணு கிராம் கூடக் காட்டுது."

"சார், மூணு கிராமுக்கு இதுல மண்ணே ஒட்டியிருக்கும்" என்றார் கடைக்காரர்.

"அப்ப மண்ணை மண்ணு விலைக்கு வித்துக்கோ."

"இந்த மனுஷனோட எப்படிம்மா ஒரே வீட்டுல இருக்கீங்க?" என்று கடைக்காரர் புள்ளியைப் பார்த்துக் கேட்டார்.

"எடை போட்டுத்தான் பேசுவோம்" என்றாள்.

அப்பா திரும்பினார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்னம்மா, வரி வேலை முடிஞ்சுதா?"

நடந்ததைச் சொன்னாள். பச்சைத் தொகையைச் சொன்னபோது அப்பாவின் கண் ஒரு நொடி விரிந்ததைப் பார்த்தாள். அப்புறம் அவர் ஒரு எடைக்கல்லை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கல்தான்.

"அந்தப் பக்கம் நமக்கு வேண்டாம்மா. ஆடிட்டர் மாமாவும் எழுதினதில்ல. நான்தான் எழுத வேண்டாம்னு சொல்லியிருந்தேன்."

"ஏம்ப்பா? நாம யாரையும் ஏமாத்தலயே. சட்டத்துல இருக்கு."

"சட்டத்துல இருக்கறதுனாலதான் வேண்டாங்கறேன்."

"புரியல."

"புரிய வேண்டாம். முன்பணத்துக்கு நான் எங்கயாவது புரட்டறேன்."

"எங்க?"

அப்பா கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் புரியுதுப்பா. இத்தனை வருஷமா ஒரே மேசையில உக்காந்து சாப்பிடற தம்பியை, ஒரு கட்டத்துல தம்பின்னு எழுத உங்களுக்கு மனசு வரல. அவர் என்னடான்னா தன் வைத்தியத்துக்கே தண்டச் செலவுன்னு பேர் வெச்சிருக்காரு. எங்கேர்ந்து கத்துக்கிட்டார்னு இப்பத்தான் தெரியுது."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா கையிலிருந்த கல்லைப் பெட்டியில் வைத்தார். அது உட்காரவில்லை. பெரிய கல்லின் குழியில் சின்னக் கல்லை வைத்திருந்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

"வீட்டுக்குப் போம்மா. மூணரைக்கு வந்துடறேன்" என்றார்.

கடைக்காரர் தராசின் முள்ளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இல்லை.

*

அம்மா இரண்டு மணிக்கு வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை முறை வேலை. செருப்பைக் கழற்றும்போதே மோப்பம் பிடித்து வீட்டின் நிலவரம் தெரிந்துகொள்கிறவள்.

"என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? உங்க சித்தப்பா எங்க?"

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்காரு."

"அந்தக் கதவையா?"

புள்ளி எல்லாவற்றையும் கொட்டினாள். தண்டத்தில் ஆரம்பித்துச் சந்தையில் தான் விட்ட வார்த்தை வரை. அதைச் சொல்லும்போது அழுதேவிட்டாள். அம்மா கைகழுவும் தொட்டியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா என்ன சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

"சட்டத்துல இருக்கறதுனாலதான் வேண்டாங்கறேன்னார்."

அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "வேற யார் சொல்லுவா இப்படி."

"உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"இல்லடி. உங்கப்பாவை நினைச்சேன்."

கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சித்தப்பாவின் கதவைத் தட்டினாள்.

"தம்பி, சாப்பாடு ஆறுது."

"பசிக்கல அண்ணி."

"பசிக்குதான்னு நான் கேட்டேனா? ஆறுதுன்னு சொன்னேன்."

கட்டில் கிறீச்சிட்டது. சித்தப்பா வந்தார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா அவர் தட்டில் மறுபடி பரிமாறியபோது மட்டும் போதும் என்று கை காட்டினார். அம்மா அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பரிமாறினாள்.

*

அப்பா சொன்ன நேரத்துக்கு வந்தார். எடைப்பெட்டியைக் கதவோரம் வைத்தார். முகம் கழுவிக்கொண்டார். நேராகப் புள்ளியிடம் வந்து, அவள் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். சந்தையில் நடந்ததற்கு அவ்வளவுதான். அதற்கு அவள் மறுபடி அழவேண்டியிருந்தது.

நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் மடிக்கணினி.

"எல்லாம் தயாரா இருக்கா?" என்றார் அப்பா.

"எல்லாம் இருக்கு. அந்த ஒரு பக்கம்தான்."

"அந்தப் பக்கத்தை அழிச்சுட்டு மத்ததை அனுப்பும்மா."

"நானும் காலையிலேர்ந்து அதைத்தான் சொல்றேன்" என்றார் சித்தப்பா.

இந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அவள் பார்த்ததில்லை. ரேடியோவை எந்த அலமாரியில் வைப்பது என்பதில்கூட வருஷக்கணக்காக வழக்கு நடக்கிறது.

"அப்ப முட்டி?" என்றாள்.

"முட்டிக்கு என்ன? நாலு மாசம் போனா பழகிடும்."

"நாலு மாசம் போனா இடது முட்டியும் போயிடும். முழு பாரமும் அது மேலதானே" என்றாள் அம்மா.

"நான் எங்க அண்ணி போகப்போறேன்? மேல இருந்தா எனக்கு என்ன குறைச்சல்? காத்து வருது."

அப்பா மேசை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

புள்ளி அழிக்கும் பொத்தானுக்குப் போனாள். நிஜமாகவே அழிக்கவா என்று அது கேட்டது. அவளால் முடியவில்லை. விரலை எடுத்துவிட்டாள்.

"அதை இப்படித் திருப்பு" என்றாள் அம்மா.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"படிக்கத் தெரியும். திருப்பு."

அம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் முகத்தை வைத்து, வேலையிடத்தில் சீட்டுப் படிப்பது போல ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தாள்.

"உறவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். மகன். மகள். தந்தை. தாய். சகோதரர்." நிமிர்ந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சகோதரர்தானே, அதுக்குத்தான் சான்றிதழ் கேட்குது."

"இந்த ஓரத்துல ஒரு அம்புக்குறி இருக்கே, இது எதுக்கு?"

"அது கீழ போறதுக்கு. கீழ மாமனார் மாமியாரெல்லாம் வரும், நமக்கு வேண்டாம்னு நான் பார்க்கல."

"வேணுமா வேண்டாமான்னு பார்த்துட்டுத்தானே சொல்லணும்?"

அம்மா அம்புக்குறியை அழுத்தினாள். ஒரு தடவைக்கு ஒரு வரி நகர்ந்தது. மாமனார். மாமியார். பேரன். பேத்தி. மாற்றாந்தாய். வரிசை போய்க்கொண்டே இருந்தது. அம்மா அவசரப்படவில்லை. அப்பாவின் கை, விரிப்பின் நூலை விட்டுவிட்டது.

பட்டியலின் அடிக்கு வந்ததும் அம்மா நிறுத்தினாள். கடைசி வரியை வாய்விட்டுப் படிக்கவில்லை. அழுத்தினாள்.

புள்ளி எட்டிப் பார்த்தாள். 'உறவினர் அல்லர், ஆண்டு முழுவதும் உடன் வசிப்பவர்.'

சான்றிதழ் கேட்ட கட்டம் மறைந்துபோனது. மேல் மூலையில் தொகை அசையவில்லை. பச்சையாகவே நின்றது.

"அம்மா, தப்பா அழுத்திட்டே."

"இல்ல."

"உறவு இல்லைன்னு அழுத்தியிருக்கே."

"தெரியும். கண்ணாடி போட்டிருக்கேன்ல."

நாற்காலி தரையில் உரசியது. சித்தப்பா எழுந்திருந்தார்.

"உக்காருங்க தம்பி. கால் வலிக்கும்" என்றாள் அம்மா. அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். "என்னங்க, இதுல பொய் ஒண்ணும் இல்லையே? எழுதினதெல்லாம் உண்மைன்னு நீங்க தைரியமா உறுதிமொழி கொடுக்கலாம். அரை கிராம்கூட வித்தியாசம் வராது."

அப்பா அம்மா பக்கம் முழுதாகத் திரும்பினார். "உனக்கு எப்படி..."

"நமக்குக் கல்யாணம் ஆன புதுசுல அத்தைக்கு ஆபரேஷன் நடந்துதே, ஞாபகம் இருக்கா? ரத்தம் கொடுக்கணும்னாங்க. தம்பி ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்து, முகம்கூடக் கழுவாம, முதல் ஆளா கையை நீட்டினார். ஊசி குத்தினது நான்தான்." அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அத்தை ஓ குரூப். இவர் ஏபி. ஓ குரூப் அம்மா வயித்துல ஏபி பிள்ளை பிறக்காது. மருந்துல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். வேற பாட்டில் திறந்து பார்த்தேன். அப்பவும் ஏபிதான்."

"அப்ப அந்த ரத்தம்?" என்று சித்தப்பா கேட்டார். எத்தனையோ கேட்க இருக்க, அவருக்கு அதுதான் வந்தது.

"அத்தைக்குச் சேராது. ஆனா கொடுத்தே தீருவேன்னு நின்னீங்க. வேற யாருக்காவது ஆகட்டும்னு எடுத்துக்கிட்டேன். உங்ககிட்ட அத்தைக்குத்தான் ஏத்தினோம்னு சொன்னேன்."

"இத்தனை வருஷம் நீ ஒரு வார்த்தை கேட்கலையே" என்றார் அப்பா.

"கேட்டா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? இன்னொரு பொய். உங்களுக்குத்தான் பொய் சொல்லவே வராதே. இருக்கற ஒண்ணைக் காப்பாத்தவே நீங்க படற பாட்டைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அண்ணி," என்றார் சித்தப்பா. "உங்களுக்குத் தெரியும்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே போயிருப்பேன்."

"அதான் சொல்லல."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் காதுமடல் சிவந்திருந்தது. புள்ளி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஏதோ ஒரு முகத்திலாவது தனக்கு விளங்குகிற மாதிரி பதில் இருக்கும் என்று தேடினாள். சித்தப்பா சித்தப்பா மாதிரியேதான் இருந்தார். மூக்கு அதே மூக்கு. அப்பாவின் மூக்கு மாதிரி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை.

"அப்ப," என்று ஆரம்பித்தாள். குரல் சின்னதாக வந்தது. "அப்ப சித்தப்பா யாரும்மா?"

"அது எனக்குத் தெரியாது" என்றாள் அம்மா. "கேட்டதில்ல. சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "அது வந்து... எங்கம்மா உயிரோட இருக்கற வரைக்கும் இதை யார்கிட்டயும்..." என்றார். நின்றுவிட்டார். பெரிய கல்லைத் தூக்க முடியாதவர் போலக் கைகள் மேசைமேல் கிடந்தன.

"நீ இரு அண்ணா" என்றார் சித்தப்பா. "உனக்கு வராது. நானே சொல்றேன்."

அவர் உட்கார்ந்தார். தம்ளரில் இருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. புள்ளியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எனக்கு அப்ப பதினாறு வயசு. உங்கப்பா வீட்டுக்கு நான் திருட வந்தவன், புள்ளி."